மேல்மாடிக்காரியின் கையெழுத்து

ஒரான், கம்பெத்தா
ஞாயிறு, 17 மார்ச் 2002

என் அருமை ஸுலிகா,

நீ சௌக்கியமாக லியோன் போய்ச் சேர்ந்து உன் இரண்டு பெண்களையும் பார்த்திருப்பாய். நானும் சௌக்கியம் என்று எழுத ஆசைதான். முதல் வரியிலேயே பொய் எதற்கு?

செவ்வாய்க்கிழமை நீ விமானத்துக்குக் கிளம்பினாய் அல்லவா, அப்போது உன் குளியலறைக் குழாயை மூடவில்லை. திட்டுவதற்காகச் சொல்லவில்லையடி. ஐந்து நாளாகத் தண்ணீர் வராத ஊரில் குழாயைத் திறந்து வைத்துக் காத்திருக்காதவர் யார்? சத்தம் கேட்டால்தானே வாளியைத் தூக்கிக்கொண்டு ஓட முடியும். நானும் திறந்துதான் வைத்திருந்தேன், வெளியூர் கிளம்பும் வரை. ஆனால் வீட்டைப் பூட்டிக்கொண்டு கடல் தாண்டிப் போகிறவள் மூடிவிட்டுப் போக வேண்டும். கரப்பான் வரக் கூடாதென்று சாக்கடை ஓட்டையில் பழைய துணியை வேறு அடைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

வியாழக்கிழமை தண்ணீர் வந்தது. நான் நம் பாட்டுக் குழுப் பெண்களோடு முஸ்தகானெமில் ஒரு கல்யாணத்தில் பாடிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை மதியம் வந்து கதவைத் திறந்தால் மழை பெய்வதுபோல் சத்தம். வெளியே நல்ல வெயில். உன் வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறதே, மேலே ஓடிப் போய்க் குழாயை மூடினேன். எதிர்வீட்டு ஹலூமா வாசலில் நின்றுகொண்டு, "ஸுலிகா தரை கழுவுறான்னு நெனச்சேன். என்ன சுத்தமான பொண்ணுன்னு மனசுக்குள்ள மெச்சிக்கிட்டேன்" என்றாள். அவளை என்ன செய்வது, சொல்.

என் பாட்டுப் பதிவு ஸ்டூடியோ போய்விட்டது. சுண்ணாம்பும் காரையுமாகக் கூரையே ஒலி மிக்சர் மேல் இறங்கிவிட்டது. கம்ப்யூட்டர், கீபோர்டு, இரண்டு பெரிய ஸ்பீக்கர், எல்லாம் குளித்துவிட்டன. சத்தம் வெளியே போகாமல் இருக்கச் சுவரெல்லாம் ஆணியடித்து மாட்டியிருந்தேனே, என் சீதனத்துக் கம்பளி மெத்தைகள் ஐந்து, அவை குடித்த தண்ணீரில் இந்தத் தெருவே இரண்டு நாள் துணி துவைக்கலாம். தப்பித்தது ஒன்றே ஒன்று. நீ பாடிய டேப். வழியில் பெண்களுக்குப் போட்டுக் காட்டலாமென்று கைப்பையில் எடுத்துப் போயிருந்தேன்.

இப்போது நல்ல செய்தி. எட்டு மாதத்துக்கு முன்னால் நான் ஸ்டூடியோவை இன்ஷூர் செய்தபோது நீகூடச் சிரித்தாய், ஞாபகம் இருக்கிறதா? அந்தக் காகிதம் இப்போது சோறு போடப் போகிறது. ஒரு காரியம் மட்டும் நீ செய்ய வேண்டும். மேல்வீட்டிலிருந்து தண்ணீர் கீழே வந்தால் இரண்டு வீட்டுக்காரரும் ஒரே படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது சட்டம். இத்துடன் வைத்திருக்கிறேன். என் பக்கம் பூர்த்தி செய்துவிட்டேன். உன் பக்கத்தில் உன் பெயர், நீ எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை அந்த வீட்டில் இருந்தாய், குழாய் திறந்திருந்தது, இவ்வளவுதான். உன் அப்பா அந்த வீட்டுக்கு எடுத்த பாலிசி இன்னும் ஓடுகிறது. கம்பெனிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும், உன் கையிலிருந்து ஒரு தினாரும் போகாது. ஏப்ரல் முப்பதுக்குள் கிடைக்க வேண்டும் என்கிறார் ஏஜென்ட் ஸி மிலூத்.

குழந்தைகளுக்கு என் முத்தம். நீ வேலை செய்யும் தையற்கடை முகவரிக்கே அனுப்புகிறேன், நீ சொன்னபடி.

நனைந்து நிற்கும் உன்
கெல்தூம்

*

லியோன்
செவ்வாய், 26 மார்ச் 2002

என் கண்ணே கெல்தூம்,

உன் கடிதத்தைக் கடைப் பின்கட்டில் நின்றபடியே படித்தேன்.  முதலாளியம்மா மதாம் செர்வே என் முகத்தைப் பார்த்துவிட்டு, யாராவது செத்துப்போனார்களா என்று கேட்டாள்.  அந்த அறைக்காக நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். என் கையாலேயே உன் வீட்டைக் கெடுத்துவிட்டேனே. மன்னித்துக்கொள் என்று எழுதக்கூடக் கூச்சமாக இருக்கிறது.

ஆனால் கெல்தூம், என்னால் கையெழுத்துப் போட முடியாது.

கோபித்துக்கொள்ளாமல் கேள். நான் அந்த ஒன்பது நாளும் சிதி பெல் அப்பேஸில் என் தங்கையின் பிள்ளைப்பேற்றுக்கு இருந்ததாகத்தான் என் கணவர் பென்அமரும் மாமியாரும் நம்புகிறார்கள். தங்கையும் அப்படியே சொல்லி வைத்திருக்கிறாள். என் கல்யாணப் பேச்சின்போது அப்பா எல்லோர் முன்னிலையிலும் வாக்குக் கொடுத்தார், இவள் இனிமேல் பாட மாட்டாள் என்று. நீயும் அந்தக் கூடத்தில்தான் இருந்தாய், பாதாம் பலகாரத் தட்டோடு. பதினான்கு வருடம் அந்த வாக்கைக் காப்பாற்றினேன். இப்போது என் பெயரையும், "மார்ச் 3 முதல் 12 வரை ஒரானில் என் வீட்டில் இருந்தேன்" என்பதையும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால், ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அந்தக் காகிதம் இந்த வீட்டுக்கு வரும். கம்பெனிக்காரர்கள் பதில் போடாமல் விடுவார்களா?

வழி இல்லாமல் இல்லை. சுவருக்குள் ஓடும் பொதுக் குழாய் வெடித்தது என்று எழுதிக்கொடேன். பழைய கட்டடம்தானே, யார் சந்தேகப்படப் போகிறார்கள்? அதுவும் முடியாதென்றால் என் வளையல்கள் இருக்கின்றன. என் அம்மா போட்டது, இவர்கள் வீட்டுக் கணக்கில் இல்லாதது. விற்று அனுப்புகிறேன். என் தங்கை கணவன் கொண்டுவந்து தருவான். உனக்கு வேண்டியது மிக்சர்தானே? நான் வாங்கித் தருகிறேன், என் கடமை அது.

ஒரு சின்ன ஆவலாதி, சொன்னால் அடிக்க வரக் கூடாது. சாவி உன்னிடம் இருந்தது. நான் போனபின் ஒருதரம் மேலே போய்ப் பார்த்திருக்கலாமே?

அந்த ஒன்பது நாளும் என் ஆயுசில் பத்திரமாக இருக்கின்றன. வீட்டில் பாத்திரம் கழுவும்போதுகூட வாயை மூடிக்கொண்டுதான் இருக்கிறேன், தப்பித்தவறி ஒரு வரி வெளியே வந்துவிடுமோ என்று.

கண்ணீரும் முத்தமுமாக,
ஸு

*

ஒரான்
வியாழன், 4 ஏப்ரல் 2002

ஸுலிகா,

முதலில் வளையல். உன் வளையலை நீயே போட்டுக்கொள். உன் கையை மொட்டையாக்கிவிட்டு வாங்கிய மிக்சரில் நான் யாருடைய கல்யாணத்துக்குப் பாட்டுப் பதிவு செய்வது? காசு வேண்டுமென்றால் இந்த ஊரில் எனக்குக் கடன் கொடுக்க நான்கு பெண்கள் இருக்கிறார்கள்.

சாவி என்னிடம் இருந்தது, உண்மை. அடுத்தவள் வீட்டுக்குள் அவள் இல்லாதபோது போகக் கூடாதென்று எனக்குச் சொல்லிக்கொடுத்து வளர்த்தார்கள். அதற்கு நீ என்னைத் திட்டுகிறாயா? திட்டு. நாளை முதல் தினமும் உன் வீட்டில் போய் உன் அலமாரியையும் குடைந்து பார்க்கிறேன்.

இப்போது பொதுக் குழாய். சர்வேயர் ஒருவர் வந்திருந்தார், அல்ஜியர்ஸ்காரர், சப்பாத்தைக் கழற்றாமல் உள்ளே வந்தார். குழாய், சுவர், கூரை எல்லாம் தட்டித் தட்டிப் பார்த்தார். பொய் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். தெரியாமலே போனாலும் கட்டடத்துப் பொதுக் குழாய் என்றால் எட்டுக் குடும்பத்தின் தலையில் விழும். நாலாவது மாடி விதவையையும் சேர்த்து. அந்த மனுஷி என்ன பாவம் செய்தாள்?

மெத்தைக் கதையைக் கேள். அந்தச் சர்வேயர் ஈர மெத்தைகளைப் பார்த்துவிட்டு, "மேடம், இது படுக்கைச் சாமான். ஸ்டூடியோ பாலிசியில வராது" என்றார். "சார், சுவத்துல நின்னுக்கிட்டே தூங்குற ஆளை நீங்க எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன். ஸி மிலூத் இருமுவதுபோல் சிரித்தார். சர்வேயர் சிரிக்கவில்லை. ஆனால் எழுதிக்கொண்டார்: "ஒலித் தடுப்பு, கம்பளி, ஐந்து." அந்த மெத்தைகள் என்ன என்பது உனக்குத் தெரியும். என் அம்மா மூன்று பெருநாள் ஆட்டுக் கம்பளியைக் கழுவிக் காயவைத்து அடைத்தது. கணவன் என்னை விலக்கி அனுப்பிய அன்று, அந்த வீட்டிலிருந்து லாரியில் ஏற்றி, மெத்தை மேல் நானே உட்கார்ந்து, தெரு முழுக்கப் பார்க்கத் திரும்பி வந்தேன். அவன் படுக்க லாயக்கில்லாத மெத்தை என் பாட்டுக்குச் சுவரானது.

நான் ஏன் இன்ஷூர் செய்தேன் என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன். அன்று ஸி மிலூத் வந்து அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா?

"மகளே, இதைத் தையல் அறைன்னு போட்டுடலாமா? பிரீமியமும் கொறையும், உன் பேரும் கெடாது."

"தையல் மிஷின் எங்க இருக்குன்னு காட்டுங்க, போட்டுக்கலாம்."

"அட, ஊரு உலகம் ஒண்ணு இருக்குல்ல?"

"ஊரு உலகம்தான் மாமா என்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுது. பொண்ணுக்கு மருதாணி வைக்கறப்ப நான் வேணும், பாலிசியில நான் ஆகாதா?"

கொஞ்சம் அதிகம் கட்டினேன். "ஒலிப்பதிவு நிலையம், உரிமையாளர் கெல்தூம் பெல்காசெம்" என்று தட்டச்சில் வந்தது. இருபது வருடமாகப் பெண்கள் கூடத்தில் பாடுகிறேன், பெந்தீர் மேளம் தட்டித் தட்டி உள்ளங்கை காய்த்துப்போனது. கேசட் போட்டால் அட்டையில் என் முகத்துக்குப் பதில் ஒரு ரோஜாப்பூ, என் பெயருக்குப் பதில் கடைக்காரன் வைத்த செல்லப்பெயர். நான் யார், என்ன செய்கிறேன் என்று என் சொந்தப் பெயரில் சொல்லும் ஒரே காகிதம் அந்தப் பாலிசிதான். அதில் உண்மையை எழுதி வாங்கியவள் இழப்பீட்டுக்குப் பொய் எழுத மாட்டேன். உனக்காகவும் மாட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இது நடந்துகொண்டிருந்த ஸ்டூடியோதான் என்பதற்கு ஆதாரம் வேண்டுமாம். அங்கே பதிவான ஏதாவது ஒன்று, தேதியும் பாடியவர் பெயருமாகக் கேட்கிறார் சர்வேயர். கம்ப்யூட்டரில் இருந்ததெல்லாம் தண்ணீரில் போயிற்று. மிஞ்சியது உன் டேப். நான் இன்னும் கொடுக்கவில்லை. உன்னைக் கேட்காமல் கொடுக்கவும் மாட்டேன்.

கேட்கிறேன். கையெழுத்துப் போடு, ஸுலிகா.

கெல்தூம்

*

லியோன்
வியாழன், 11 ஏப்ரல் 2002

கெல்தூம்,

உன் கடிதத்தில் ஒரு முத்தம்கூட இல்லை. எண்ணிப் பார்த்தேன்.

உனக்குக் காகிதம் பெரிது. எனக்கு இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். நீ லாரி மேல் உட்கார்ந்து திரும்பி வந்த கதையைத் தெரு முழுக்கப் பார்த்தது என்று எழுதுகிறாய். நானும் அந்தத் தெருவில்தான் இருந்தேன். கைதட்டியவர்களும் இருந்தார்கள், ஜன்னலைச் சாத்தியவர்களும் இருந்தார்கள். உன் அம்மா ஆறு மாதம் வெளியே வரவில்லை. அதையும் எழுது.

பென்அமர் கை நீட்டுகிறவர் இல்லை. நீ நினைப்பதுபோல் கத்துகிறவரும் இல்லை. பேசாமல் இருப்பார். பெரியவள் பிறந்த வருடம் ஒரு வார்த்தைக்காக நாற்பது நாள் பேசாமல் இருந்தார். சாப்பாட்டு மேசையில் குழந்தையிடம் சொல்லி என்னிடம் உப்புக் கேட்டார். அதை மறுபடி தாங்க எனக்குத் திராணி இல்லை. இதில் வீட்டு விஷயம் வேறு. ஒரான் வீட்டை விற்று இங்கே தோட்டம் வைத்த வீடு வாங்கலாம் என்று மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். "பூட்டிக் கெடக்குற வீட்டுக்கு என்ன மவுசு?" என்பார். அப்பா எனக்கென்று எழுதி வைத்தது, விற்க மாட்டேன் என்று சமாளித்து வருகிறேன். நான் அங்கே திருட்டுத்தனமாக வந்து தங்கிப் பாடினேன் என்று தெரிந்தால் அப்புறம் எந்த முகத்தோடு மாட்டேன் என்று சொல்வது?

நீ கேட்டாய், நானும் ஒன்று கேட்கிறேன். அந்த டேப்பை அழித்துவிடு. பெயரோடும் வேண்டாம், பெயர் இல்லாமலும் வேண்டாம். நான் வரவில்லை, பாடவில்லை, குழாயைத் திறக்கவில்லை என்று வைத்துக்கொள். வளையல் பணம் வரும். வேண்டாமென்றால் கிணற்றில் போடு.

எனக்கு உன்மேல் கோபம் இல்லை. பயம்தான்.

ஸு

*

ஒரான்
வியாழன், 18 ஏப்ரல் 2002

ஸுலிகா,

இந்தக் கடிதத்தைச் சனிக்கிழமை விமானத்தில் வரும் ஹலூமாவின் மருமகனிடம் கொடுக்கிறேன். சீக்கிரம் கிடைக்கும். கிடைத்ததும் நீ செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை.

ஜன்னலைச் சாத்தியவர்களைப் பற்றி எழுதியிருந்தாய். சரிதான். என் அம்மா அழுதாள். அதை நான் பாட்டில் வைப்பதில்லை, அவ்வளவுதான்.

டேப்பை அழிக்க மாட்டேன். சவுண்டு போட்டுக் கேட்டிருக்கிறாயா அதை? நான் கேட்டேன். நீ கேட்கவில்லை, கூச்சப்பட்டு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டாய். மூன்றாவது பாட்டில் நடுவே மூச்சு வாங்கினாயே, அந்த இடத்தில் முஸ்தகானெம் போகும் வேனில் பின்சீட்டு கதீரா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பதினான்கு வருடம் மூடி வைத்த குரல். அதை அழிக்க என் கை என்ன மரக்கட்டையா? உன் குரல் உனக்கு வேண்டாமென்றால் நான் வைத்துக்கொள்கிறேன். யாருக்கும் போட்டுக் காட்ட மாட்டேன். அது என் வாக்கு.

ஸி மிலூத் செவ்வாயன்று வந்தார். கடலைமாவுக் கரந்திகா ஒரு துண்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தார், கெட்ட செய்தி சொல்லும்போது கையில் தின்பண்டம் வேண்டும் அவருக்கு.

"மகளே, நாள் போவுது. இங்க ஒரு கோடு இழுத்துவிடு. பொம்பளைங்க கையெழுத்த யாரு உத்துப் பாக்கப்போறா?"

"பாக்கணும்னுதான் மாமா இத்தனை நாளா நிக்கிறேன்."

"அப்ப மேல்மாடிக்காரி கையெழுத்துப் போட மாட்டேங்கிறான்னு எழுதிக் குடு. கம்பெனி அவ லியோன் வீட்டுக்கே பதிவுத் தபால் அனுப்பும். தானா வழிக்கு வருவா. முகவரி சொல்லு."

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஸுலிகா, உன் வீட்டு முகவரி எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். கதவு எண், மாடி, தபால் எண் உட்பட. ஒவ்வொரு பெருநாளுக்கும் வாழ்த்து அட்டை அங்கேதானே போடுகிறேன். சொல்லியிருந்தால் பத்து நாளில் அந்தத் தபால் உன் மாமியார் மடியில் விழுந்திருக்கும். எனக்கு மிக்சர், கம்ப்யூட்டர், கூரை எல்லாம் வந்திருக்கும்.

"தெரியாது" என்றேன்.

"உன் சிநேகிதிதானே?"

"சிநேகிதிதான். முகவரி தெரியாது."

 கரந்திகாவைத் தின்று முடித்தார். "முகவரி தெரியவில்லை" என்று எழுதி என்னிடம் நீட்டினார், கையெழுத்துப் போட்டேன். நான் காகிதத்தில் போட்ட ஒரே பொய் அதுதான். உனக்காகப் போட்டேன், நினைவில் வைத்துக்கொள். இனி முப்பதாம் தேதி கோப்பை மூடிவிடுவார்கள்.

என்னை நினைத்து அழ வேண்டாம். நேற்று நம் குழுப் பெண்கள் ஆறு பேரும் வந்து மெத்தைகளைப் பிரித்துக் கம்பளியை வேனில் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுபோனோம். தடியால் அடித்து அடித்து அலசினோம். வெயிலில் பரப்பிவிட்டு மணலில் உட்கார்ந்து பாடினோம், பார்க்க வந்த மீனவர்களைக் கல்லால் அடித்து விரட்டினோம். திரும்ப அடைத்து அதே சுவரில் அறைவேன். மிக்சர் கடனில் வரும், கம்ப்யூட்டர் அடுத்த வருடம் வரும். அந்த அறை மறுபடி ஸ்டூடியோ ஆகும், தையல் அறை ஆகாது. மறுபடி இன்ஷூரும் செய்வேன், ஸி மிலூத் தலையில் அடித்துக்கொண்டாலும் சரி.

ஆனால் நீ இனி எனக்கு எழுதாதே. வளையலுக்காக இல்லை, மிக்சருக்காகவும் இல்லை. உன் வாயால் பாடியதைப் பாடவே இல்லை என்று வைத்துக்கொள்ளச் சொன்னாயே, அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை. அந்த ஒன்பது நாளும் நானும்தான் உன்னோடு இருந்தேன். என்னையும் சேர்த்து அழிக்கச் சொல்கிறாய்.

குழந்தைகளை நன்றாக வளர்.

கெல்தூம்

*

ஒரான், மூன்றாவது மாடி
ஞாயிறு, 28 ஏப்ரல் 2002

அடியே கெல்தூம்,

எழுதாதே என்றாய். சரி, இது தபாலில் வரவில்லை. உன் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். நீ பெண்களோடு அர்ஸேவுக்கு மருதாணிக் கல்யாணத்துக்குப் போயிருப்பதாக ஹலூமா சொன்னாள். அதனால் கதவின் அடியில் தள்ளிவிட்டுப் போகிறேன்.

நேற்று வந்தேன். சின்னவளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். பெரியவளுக்குப் பரீட்சை, அப்பாவோடு இருக்கிறாள்.

உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. முகவரி தெரியாது என்று நீ சொன்ன இடத்தை மூன்று தரம் படித்தேன். நாலாவது தரம் படிக்க முடியவில்லை. மறுநாள், மாமியார் தூங்கும் பகல் நேரத்தில், சமையலறையில் பென்அமரை உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். தங்கை வீட்டுக்குப் போகவில்லை, ஒரானுக்குத்தான் போனேன், கெல்தூம் வீட்டில் பாடினேன், குழாயைத் திறந்து போட்டுவிட்டு அவள் பிழைப்பைக் கெடுத்தேன் என்று ஒரே மூச்சில்.  அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"எத்தனை பாட்டு?"

"ஏழு."

"உங்கப்பா வாக்குக் குடுத்தாரு."

"குடுத்தது அப்பா. அவரு போயிட்டாரு. என்கிட்ட யாரு கேட்டீங்க? அந்தக் கூடத்துல அத்தனை பேரு இருந்தீங்க, ஒருத்தராவது உள்ள வந்து, பாட மாட்டியான்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

என் குரல் அவ்வளவு உயரும் என்று எனக்கே தெரியாது. மாமியார் விழித்துக்கொண்டாள். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். புதன் முழுக்கப் பேசவில்லை, வியாழன் முழுக்கப் பேசவில்லை. வெள்ளிக்கிழமை நான் பெட்டி கட்டும்போது வாசலில் வந்து நின்றுகொண்டு, "அந்த வீட்டை வித்துட்டு வர்றதா இருந்தா வா" என்றார். "விக்க மாட்டேன். அது என் வீடு" என்றேன்.  விமான நிலையத்துக்கு அவரே காரில் கொண்டுவந்து விட்டார், வழியெல்லாம் வாய் திறக்காமல். திரும்பிப் போனால் கதவு திறக்குமா என்று தெரியாது. பெரியவளை அங்கே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். நான் தைரியசாலி என்று நீ ஊரெல்லாம் சொல்லித் திரியாதே.

இன்று காலை ஏஜென்ட் அலுவலகம் திறக்கும் முன்பே போய் வாசலில் நின்றேன், சின்னவள் கையைப் பிடித்துக்கொண்டு. ஸி மிலூத் உன் கோப்பை எடுத்தார். மூட வைத்திருந்த அடுக்கின் மேலேயே இருந்தது.

"நீங்க யாரும்மா?"

"முகவரி தெரியாத மேல்மாடிக்காரி."

எழுந்து எனக்கு நாற்காலி போட்டார். படிவத்தை என் முன்னால் வைத்தார். பெயர் எழுதினேன். தேதி எழுதினேன். குளியலறைக் குழாய், திறந்தது நான், மூட மறந்தது நான், சாக்கடையை அடைத்ததும் நான். அவர் எட்டிப் பார்த்து, "இவ்வளவு வேணாம்மா, போதும்" என்றார். முகவரி என்ற இடத்தில் லியோன் வீட்டைத்தான் எழுதினேன், கதவு எண், மாடி, தபால் எண் உட்பட. பதிவுத் தபாலோ சாதாத் தபாலோ, வரட்டும்.

அந்த அல்ஜியர்ஸ்காரச் சர்வேயருக்கு டேப் வேண்டுமல்லவா, கொடு. ஏழு பாட்டையும் கொடு. உறைமேல் என் முழுப் பெயரை எழுதிக் கொடு.

கடைசியில் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. வெளிநாட்டில் குடியிருக்கிறவர் மார்ச் மாதத்தில் எதற்காக இங்கே வந்து தங்கினார் என்று கம்பெனி கேட்குமாம். ஸி மிலூத் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"சொந்தக்காரங்களைப் பாக்க வந்தேன்னு போட்டுக்கட்டுமா? யாருக்கும் ஒண்ணும் தோணாது."

"பாட வந்தேன்."

"அப்படியேவா?"

"அப்படியே எழுதுங்க."

எழுதினார். நான் வாசித்துப் பார்த்தேன். அதன் கீழேதான் கையெழுத்துப் போட்டேன்.

ஸுலிகா பென்யெத்தூ